பன்னிரண்டு வீடுகளின் ஆயுள்

மெத்தைக் கடையில் வேலை பார்க்கும் அந்த மனிதர் தும்மினால் ஒரு தெருவே ஜன்னலைச் சாத்தும். இரண்டாவது தும்மலும் வந்துவிட்டால் மருந்துக்கடை அக்கா வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவார். மூன்றாவதும் வந்தால், அன்றைக்கு அந்தத் தெருவில் வீடு விற்க நினைத்தவர் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு அவருக்கு ஜலதோஷம் விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு மனிதனின் மூக்குக்கு இவ்வளவு மரியாதையா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கோணல்மாணலான காரணம்தான், ஆனால் பதிவு செய்து முத்திரை குத்திய காரணம்.

அந்தத் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாக மாடி வீடுகள் பன்னிரண்டு. வீடுகள் அவரவருக்குச் சொந்தம். கீழே இருக்கும் மண் மட்டும் நிலக்காரருக்குச் சொந்தம். உள்ளதைச் சொன்னால், வாங்கியவர்கள் வாங்கியது செங்கல்லும் கொஞ்சம் காலமும்தான். காலம் தீர்ந்தால் மண் நிலக்காரரிடம் திரும்பிப் போகும். மண் போன பிறகு வீடு மட்டும் அந்தரத்திலா நிற்கும்? அதுவும் சேர்ந்தே போகும். குத்தகை மண்ணில் வீடு என்றால் பொருள் இதுதான். ஆனால் மற்ற இடங்களில் அந்தக் காலத்துக்கு ஒரு எண் உண்டு. அறுபது வருஷம், தொண்ணூற்றொன்பது வருஷம் என்று கணக்காக எழுதிவிடுவார்கள். இந்தத் தெருவில் எண் கிடையாது. ஆள் உண்டு.

அது நடந்த கதை இப்படி. நிலக்காரரின் அப்பா காலத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாள் கூடத் தர மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். தொண்ணூற்றொன்பதுக்குக் குறைந்தால் ஒரு செங்கல் கூட வைக்க மாட்டோம் என்று வீடு கட்ட வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பத்திரம் எழுத வந்தவருக்கோ பசி. பசி முற்றிய நேரத்தில் அவருக்கு எங்கோ படித்த ஒரு பழைய முறை ஞாபகம் வந்தது. வருஷத்தை விடுங்கள், ஒரு உயிரை எழுதுங்கள், அந்த உயிர் இருக்கிறவரை குத்தகை என்றார். பெரிய நிலக்காரருக்கு அது பிடித்துப்போனது, ஏனென்றால் எந்த உயிரும் ஒரு நாள் போய்த்தானே ஆக வேண்டும். வீட்டுக்காரர்களுக்கும் பிடித்துப்போனது, ஏனென்றால் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் பெயரை எழுதிவிட்டால் இரண்டு தலைமுறையை ஓட்டிவிடலாம்.

எந்தக் குழந்தை என்று கேள்வி வந்ததும் எல்லாரும் பின்வாங்கினார்கள். தன் மகன் கல்லைத் தின்றாலும் செரித்துவிடுவான் என்று முந்தின நாள்வரை பீற்றிக்கொண்டவர், பையனுக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை என்றார். தன் மகளை யாராலும் ஓடிப்பிடிக்க முடியாது என்றவர், பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது என்றார். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எப்போது சாவு வரும் என்று ஒருவர் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்கப்போகும் பத்திரத்தில், தன் பிள்ளையின் பெயரைப் போட எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? அந்த நேரத்தில், பேச்சு நடந்த கட்டடத்தின் மாடிப்படி பெருக்க வந்தவளின் ஒன்பது மாதக் குழந்தை தரையில் உட்கார்ந்து சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பை ஆசையாகத் தின்றுகொண்டிருந்தது. ஒருவர் கண்ணில் பட்டது, பிறகு எல்லார் கண்ணிலும் பட்டது. மளிகைக் கடைத் தராசைக் கொண்டுவரச் செய்து நிறுத்துப் பார்த்தார்கள். எடை திருப்தி.

அவளிடம் அது பெரிய கௌரவம் என்று சொன்னார்கள். முதல் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கட்டப்போகும் அறையில் தாயும் பிள்ளையும் காலம் முழுக்க இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" ஆகவே ஆகாது என்று பன்னிரண்டு குடும்பமும் ஒரே குரலில் சத்தியம் செய்தது. அந்தச் சத்தியத்தை அவர்கள் கடைசிவரை காப்பாற்றினார்கள். வினையே அதில்தான் இருந்தது.

ஓடக் கூடாது, மரம் ஏறக் கூடாது, பந்து வரும் திசையில் நிற்கவே கூடாது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடும்போது இவர் மட்டும் மர நிழலில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தார். வயசு வந்ததும் மின்கம்பம் ஏறுகிற வேலைக்கு ஆசைப்பட்டார். அதைக் கேட்டு இரண்டு வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடி, தடுக்கி விழுந்தாலும் அடிபடாத ஒரே இடம் என்று மெத்தைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். அம்மா போன பிறகு சாப்பாடு முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, அதற்குப் பதிலாக அன்பு தாராளமாக இருந்தது. கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்று அவரைக் கோபப்படக் கூட யாரும் விட்டதில்லை. தெரு அவருக்கு வைத்த பெயர் ஆயுள்காரர். பத்திரத்தில் எழுதிய பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

வீடு வாங்க யார் வந்தாலும் தரகர் முதலில் வீட்டைக் காட்ட மாட்டார். நேராக மெத்தைக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். வந்தவர்கள் ஆயுள்காரரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். பல்லைக் காட்டச் சொல்வார்கள். மாமன்மார் எந்த வயதில் போய்ச் சேர்ந்தார்கள் என்று விசாரிப்பார்கள். வீட்டுக் கடன் கொடுக்க வந்த வங்கிக்காரர் ஒருவர் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை, இவருடைய ரத்தப் பரிசோதனையைத்தான் கேட்டார். ஏழாம் வீட்டுக்காரர் பேரம் பேசும்போது இவரை அங்கேயே பத்துத் தோப்புக்கரணம் போடச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்காததைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தார். இவர் எதற்கும் முகம் சுளித்ததில்லை. காலம் பூராவும் இப்படியே போனதில், ஒரு மனிதனைப் பார்க்க வந்தால் இதெல்லாம்தான் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

நிலக்காரர் வகை வேறு. அப்பாவிடமிருந்து மண்ணும் பொறுமையும் சேர்ந்தே அவருக்கு வந்திருந்தன. ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. இவர் பிறந்த நாளை மறந்ததும் இல்லை. முதலில் சக்கரம் வைத்த காலணி வாங்கித் தந்தார். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள், தலைக்கவசம் இல்லாமல். ஐம்பது முடிந்தபோது மலையேற்றத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்து, துணைக்கு ஆள் வேண்டாம், தனியாகப் போனால்தான் காற்று நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் மருந்துக்கடை அக்கா வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார். அக்காதான் முதல் வீட்டுக்காரர், வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தினமும் காலையில் இவருடைய கையைப் பிடித்து நாடி பார்க்காமல் கடை திறக்க மாட்டார்.

வருஷத்துக்கு ஒரு முறை உயிர் காட்டும் நாள் வரும். வீட்டுக்காரர்கள் செத்தவனை மறைத்துவிட்டு வேறு ஆளை நிறுத்தி ஏமாற்றிவிடுவார்களோ என்று பெரிய நிலக்காரர் பயந்து பத்திரத்தில் சேர்த்த விதி அது. அன்றைக்குச் சூரியன் மறைவதற்குள் உயிருக்குரியவரை வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவர் தன் வாயால் தான் இருப்பதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செத்ததாகவே கொள்ளப்படும். நிலக்காரரின் குமாஸ்தா தெருமுனையில் மேசை போட்டு உட்காருவார். தினமும் இவரோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்தான். ஆனாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பார். இவர் இருக்கேன் என்பார். பன்னிரண்டு வீடும் மூச்சு விடும். நிலக்காரர் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வாடிய முகத்தோடு காரில் ஏறுவார்.

இப்படி உருண்டுகொண்டிருந்த காலத்தில்தான் அந்த அம்மாள் மெத்தைக் கடைக்குள் நுழைந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய், சீட்டில் போட ஒரு திண்டு தேடி வந்திருந்தார். வந்தவர் சாதாரணமாக, எப்படி இருக்கீங்க என்று கேட்டுவைத்தார். இவர் பழக்கதோஷத்தில் சட்டைக் கையை மடக்கினார், நாக்கை நீட்டிக் காட்டினார், சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார், அப்பா வழியில் யாருக்கும் இதய நோய் இல்லை என்று முடித்தார். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் திண்டு வாங்க வந்தேங்க. ஆனா நீங்க நல்லா இருக்கறதுல எனக்கும் சந்தோஷம்தான்."

தன் ஆயுளில் அக்கறை இல்லாத ஒரு ஆளை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். அது அவ்வளவு இதமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. திண்டு சரியில்லை என்று அந்த அம்மாள் மாற்ற வந்தார், மாற்றியதை மறுபடி மாற்ற வந்தார். மூன்றாவது திண்டு மாற்றுவதற்குள் அந்த அம்மாளின் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆனது இவருக்குத் தெரிந்துவிட்டது, இவருடைய பத்திரக் கதை அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு திண்டு என்ற சாக்கும் தேவைப்படவில்லை. கடை மூடியதும் வெளியே நிறுத்தியிருந்த பயிற்சிக் காருக்குள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கார் நகராது. நகர்ந்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் அந்த அம்மாள், ஆற்றுக்கு அக்கரை ஊரில் தன் பள்ளிக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்ளத் தன்னை அனுப்புகிறார்கள் என்றார். பிறகு, "கல்யாணம் பண்ணிக்கிட்டு என்கூட வர்றீங்களா?" என்று கேட்டார்.  கூடவே போய்விட வேண்டும் என்று ஆயுள்காரருக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. மின்கம்பத்துக்குப் பிறகு அவர் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. தெருவில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மருந்துக்கடை மாடியில் சங்கம் கூடியது. ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டும் காரிலேயே ஜனங்கள் சாகிறார்கள், இந்த அம்மாள் தெரியாதவர்களோடு போவதையே தொழிலாக வைத்திருக்கிறார் என்றார் ஒருவர். அக்கரைக்குப் படகில் போக வேண்டும், படகு என்றால் கவிழும் என்றார் இன்னொருவர். ஒருவர் நல்ல மனசோடு, அந்த அம்மாளே கார் ஓட்டுவதை விட்டுவிட்டு மெத்தைக் கடையில் சேர்ந்துகொண்டு மாடிப்படி அறைக்கு வந்துவிடட்டும் என்றார். ஏழாம் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, அவள் நிலக்காரர் அனுப்பிய ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.  வோட்டு எடுத்தார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றே விழுந்தது. ஆயுள்காரருக்கு வோட்டு கிடையாது. தெருவில் வீடு இருந்தால்தான் வோட்டு என்பது சங்கத்தின் விதி.

ஏழாம் வீட்டுக்காரர் போட்ட விதை ஆயுள்காரருக்குள்ளும் முளைத்துவிட்டது. மறுநாள் காரில் உட்கார்ந்து, நிலக்காரரைத் தெரியுமா என்று மென்று விழுங்கிக் கேட்டார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. காரைவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "நீங்க இன்னும் எத்தனை வருஷம் இருப்பீங்கன்னு எனக்குத் தெரியவே வேணாம். இருக்கற வரைக்கும் என்ன பண்ணப்போறீங்க, அத மட்டும் சொல்லுங்க."  ஐம்பத்திரண்டு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பது ஆயுள்காரருக்கே அவமானமாக இருந்தது. அடுத்த வாரம் தான் கிளம்புவதாக அந்த அம்மாள் சொன்னார். அதே வாரத்தில்தான் உயிர் காட்டும் நாளும் வந்தது.

தெருமுனையில் மேசை போட்டாகிவிட்டது. பன்னிரண்டு குடும்பமும் குளித்து நல்ல துணி உடுத்தி நின்றது. நிலக்காரர் காரில் இருந்தபடியே வணக்கம் சொன்னார். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆயுள்காரர் வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று குமாஸ்தா இரைந்து கேட்டார். ஆயுள்காரர் கண்ணைக் கொட்டினார், மூச்சு விட்டார், ஒரு கொசுவைக் கூட அடித்தார், ஆனால் பேசவில்லை.

தெருவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் முன்னால் நிற்கிறாரே, இது போதாதா என்று குமாஸ்தாவிடம் சண்டைக்குப் போனார்கள். வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது என்றார் அவர். இனி சாப்பாட்டில் உப்புப் போடுகிறோம் என்று ஒருவர் கெஞ்சினார். மோட்டார் சைக்கிளை வேண்டுமானால் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார் இன்னொருவர். ஏழாம் வீட்டுக்காரர் ஆயுள்காரர் காலில் விழப் போனார், விழுகிற வேகத்தில் அவரைத் தள்ளிவிடுவார் என்று நான்கு பேர் இழுத்துப் பிடித்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. நிலக்காரர் காரைவிட்டு இறங்கி வந்து, அவசரமே இல்லை, நன்றாக யோசித்து நாளைக்குக் கூடச் சொல்லலாம் என்று கனிவாகச் சொன்னார்.

எல்லாரையும் விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். நின்று களைத்து நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்ட ஆயுள்காரரின் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். கையைப் பிடித்து நாடி பார்க்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"தம்பி, பத்திரம் எழுதின அன்னிக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்களே ஒரு பொண்ணு, அது நான்தான். அப்ப எனக்கு அஞ்சு வயசு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு நாளும் மூச்சு வாங்கினதில்ல."

ஆயுள்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார்.

"என் எடத்துல நீங்க இருந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். அவருடைய வீடு, கடை, மகளுக்குக் கொடுக்க நினைத்திருந்த மாடி எல்லாமே அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன. "எப்பவோ ஓடிப்போயிருப்பேன்" என்றார்.

ஆயுள்காரர் எழுந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "இருக்கேன். ஆனா இனிமே இங்க இருக்க மாட்டேன்."

முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாவது பாதியை என்ன செய்வது என்று குமாஸ்தா விழித்தார். வக்கீலைக் கூட்டிவந்து பத்திரத்தை வரிக்கு வரி பார்க்கச் சொன்னார்கள். அந்த உயிர் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. எழுதியவருக்கு அன்றைக்கு இருந்த பசியில் அது தோன்றியிருக்காது. அந்த வாரமே ஆயுள்காரர் கிளம்பினார். தெரு படகுத்துறைவரை வந்து வழியனுப்பியது. சட்டைக்கு மேல் ஒரு மிதவை அங்கி, அதற்கு மேல் இன்னொன்று என்று மாட்டிவிட்டதில் அவரால் கையைத் தொங்கப்போட முடியவில்லை. இரண்டையும் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார். ஏழாம் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

உயிர் காட்டுவது வீட்டுக்காரர்களின் பொறுப்பு அல்லவா? அடுத்த வருஷம் அவர்களே படகேற வேண்டியதாயிற்று. ஆயுள்காரரைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் காத்ததில், பழக்கம் தொற்றிக்கொண்டு அவர்களிலும் பலர் அதுவரை படகில் ஏறியதே இல்லை. மேசையைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தா, படகின் ஆட்டத்தில் வெளிறிய முகத்தோடு நிலக்காரர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு குடும்பங்கள். அக்கரையில் விசாரித்துக்கொண்டு போனால் மெத்தைக் கடையில் அவர் இல்லை. டிரைவிங் பள்ளி மைதானத்தில், பாதியில் நின்றுபோன ஒரு காரை வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டிருந்தார். வெயிலில் கருத்திருந்தார், இளைத்திருந்தார். இடது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது பள்ளத்தில் விழுந்துவிட்டாராம். அதைப் பெருமை பொங்கச் சொன்னார். ஏழாம் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நிலக்காரருக்கு முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் வந்தது.

குமாஸ்தா மேசையைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உயிரோட இருக்கீங்களா?"

ஆயுள்காரர் உடனே பதில் சொல்லவில்லை. போன தடவை மாதிரி அடம் இல்லை, நிஜமாகவே யோசித்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் அவர் மனைவி யாருக்கோ பிரேக் எங்கே இருக்கிறது என்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன வருஷத்த விட ஜாஸ்தியா."

குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. அங்கே ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். இதை எதில் போடுவது என்று நிலக்காரரைப் பார்த்தார். ஆம் என்று போட்டுத் தொலையுங்களேன் என்று ஏழாம் வீட்டுக்காரர் தரையிலிருந்தே கத்தினார். அக்கா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவர் சொன்னத அப்படியே எழுதுங்க" என்றார்.